வாட்டர் என்றால்தான் தண்ணீர்

குழந்தை எப்படி வளர்கிறது, எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று தடித்தடியாகப் புத்தகம் போட்டவர்கள் ஒரு முறையாவது அல்சூரில் எங்கள் காம்பவுண்டுக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் மூன்று வயதில் என் பெண்ணைப் பார்த்திருப்பார்கள். பார்த்திருந்தால் அந்தப் புத்தகங்களில் பாதியைக் கிழித்துப் போட்டிருப்பார்கள், என் வாயும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

காம்பவுண்டில் ஆறு வீடு, குடிதண்ணீருக்கு ஒரு குழாய். எதிர் வீட்டில் ஒரு கன்னட அம்மாள். மூலையில் தையல் மிஷின் வைத்திருந்த பாய் குடும்பம். நடுவில் நாங்கள். என் பெண் எதிர் வீட்டு வாசலில் நின்று "ஆன்ட்டி, நீரு பேக்கு" என்பாள். பாய் வீட்டில் "பானி தேவ்" என்பாள். என்னிடம் ஓடி வந்து "எம்மா, தண்ணி" என்பாள். ஒருவரிடம் பேச வேண்டியதை இன்னொருவரிடம் பேசிவிட்டாள் என்பது ஒரு நாளும் கிடையாது. பாய் வீட்டுப் பெண்ணோடு சண்டை வந்தால் உருதுவில் திட்டிவிட்டு, என்னிடம் வந்து தமிழில் அழுவாள். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. "அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்கு, வாய் மட்டும்தான் பொறந்துச்சா?" என்று குழாயடியில் கேட்பார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை தாங்காது.

என் வாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அல்சூரிலேயே பிறந்தவள். தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தேன். மார்க்கெட்டில் நான் பேரம் பேச ஆரம்பித்தால் பக்கத்துக் கடைக்காரன் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பான். அந்த வாயை முதன்முதலாக நான் மூடியது காவிரிக் கலவரத்தின்போது. அப்போது பெண் வயிற்றில் இருந்தாள். "பஸ்ல தமிழ்ல பேசாத, ஏதாச்சும் கேட்டா தலையை மட்டும் ஆட்டு" என்று கணவர் சொல்லிச் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அதற்கு ஒரு நியாயம் இருந்தது. உயிர்ப் பயம். வீட்டுக்குள்ளேயே, என் சொந்தச் சமையலறையில், பெற்ற பெண்ணின் முன்னால் என் வாயை மூடுவார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மூடியவர் என் நாத்தனார். கணவரின் அக்கா. லிங்கராஜபுரத்தில் வீடு, ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தாய் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அதனால் என் கணவருக்கு அக்கா சொன்னால் சாமி சொன்ன மாதிரி. அரசாங்க ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை, அங்கே மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்கிற மனிதர், அக்காவின் முன்னால் மட்டும் அரை நிஜார் போட்ட பிள்ளையாகிவிடுவார். அந்தக் காலத்தில் நாத்தனார் தபால் வழியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தார். அதில் குழந்தை மனவியல் என்று ஒரு பாடம். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து மீசை முளைத்துவிட்டார்கள், பரிசோதனைக்கு ஆகமாட்டார்கள். கைக்கு அகப்பட்டவள் என் பெண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான உயரப் பாட்டிலில் ஊற்றினார். "இப்ப எதுல ஜாஸ்தி இருக்கு?" என்று கேட்டார். என் பெண் யோசித்தாள். டம்ளரைத் தூக்கி மடமடவென்று குடித்துவிட்டு, "பாட்டில்ல" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாத்தனார் சிரிக்கவில்லை. இந்த வயதுக் குழந்தைக்கு அளவு மாறாது என்கிற அறிவு வராது, அது அடுத்த ஸ்டேஜில்தான் வரும் என்று எங்கள் இருவருக்கும் விளக்கினார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்டேஜ் இருந்தது. தாகத்துக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

இதெல்லாம் விளையாட்டாகப் போயிருக்கும். எல்.கே.ஜி. இன்டர்வியூ வந்து கெடுத்தது. நாத்தனார் சொல்லி ஒரு கான்வென்டுக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு சிஸ்டர் படங்களைக் காட்டிக் கேட்டார். ஆப்பிளுக்கு என் பெண் "சேப்" என்றாள். பசுவுக்கு "ஹசு" என்றாள். நாய்க்கு "நாய்" என்றாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வெள்ளை உடை போட்ட இந்த அம்மாள் எந்த மொழிக்காரர் என்று அவளுக்குத் தெரியவில்லை. எதற்காவது முகம் மலர்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாள். சிஸ்டர் முகம் எதற்கும் மலரவில்லை. "குழந்தை ரொம்பக் குழம்பிப்போயிருக்கிறது. வீட்டில் ஒரே மொழி பேசுங்கள். அடுத்த வருடம் கொண்டு வாருங்கள்" என்று இங்கிலீஷில் சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து. நாத்தனார் நாற்காலியில், கணவர் கட்டிலில், நான் அடுப்பங்கரை நிலைப்படியில்.

"நான் முன்னாடியே சொன்னேன். ஒரு பாத்திரத்துல சாம்பார், மோர், பாயசம் மூணையும் ஊத்தினா என்ன ஆகும்? அதான் இவ மண்டையில ஆயிருக்கு. ஒரு குழந்தைக்கு ஒரு லாங்குவேஜ். அதான் ரூல்."

"மூணும் ஒரே வயித்துக்குத்தான் அண்ணி போவுது" என்றேன்.

"அக்கா பேசறப்ப குறுக்க பேசாத" என்றார் கணவர்.

அந்த ஒரு மொழி எது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இங்கிலீஷ் என்று அவர்களுக்குள் முடிவாகியிருந்தது. கணவருக்கு ஃபேக்டரி இங்கிலீஷ் வரும். நாத்தனார் தினமும் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து மீதியைப் பார்த்துக்கொள்வார். எனக்கு வந்தது கம், கோ, ஈட், ஸ்லீப். "உன் இங்கிலீஷ் அவ காதுல விழவே கூடாது. முதல்ல தப்பாப் பதிஞ்சா அப்பறம் அழிக்க முடியாது" என்றார் நாத்தனார்.

"தமிழும் பேசக் கூடாது, இங்கிலீஷும் பேசக் கூடாது. அப்ப நான் இன்னாதான் பேசறது?"

"ஒண்ணும் பேசாத. சீட்டு கிடைக்கிற வரைக்கும்தான். பெத்த பிள்ளைக்காக ஒரு வருஷம் வாயை மூடிட்டு இருக்க முடியாதா உன்னால?"

இப்படிக் கேட்டால் எந்தத் தாய் முடியாது என்று சொல்லுவாள்? அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டார். குழந்தை மனவியல் படித்தவருக்குத் தாய் மனவியலா தெரியாது.

குழந்தையிடம் யாரும் கன்னடமோ உருதுவோ பேசக் கூடாது என்று மறுநாளே காம்பவுண்டு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எதிர் வீட்டு அம்மாள் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். என் பெண் "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று கூப்பிட்டும் பதில் சொல்லாமல் கதவைச் சாத்த வேண்டி வந்தபோது அந்த அம்மாள் அழுதேவிட்டாள். பாய் வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்.

கற்றலுக்கும் ஒரு விதி வைத்திருந்தார் நாத்தனார். சரியான பதில் சொன்னால் பரிசு. தப்பான பதிலுக்கு ஒன்றும் கிடையாது. திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, கேட்காத மாதிரி இருந்தால் போதும், தப்பான பழக்கம் தானாகச் செத்துவிடும். "நாய்க்கு, எலிக்கு எல்லாம் பண்ணிப் பாத்துட்டாங்க, எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான்" என்றார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் அப்போது எனக்குப் பேச அனுமதி இருந்தது. "அந்த எலியைப் பெத்தவளும் பக்கத்துல நின்னாளா அண்ணி?" என்று கேட்டேன்.

முதல் நாள் பரிசு தண்ணீர். ஏப்ரல் மாதம். என் பெண் வெயிலில் ஆடிவிட்டு உள்ளே வந்தாள். நாத்தனார் டம்ளரை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி" என்றாள்.

நாத்தனார் சுவரைப் பார்த்தார். என் பெண் என்னைப் பார்த்தாள். நான் அரிசி களைவது போலக் குனிந்துகொண்டேன்.

"அத்தை, தண்ணி." பதில் இல்லை. அப்புறம், "நீரு" என்றாள். அத்தை இன்றைக்குக் கன்னடத்துக்கு மாறிவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். "நீரு பேக்கு." பதில் இல்லை. "பானி" என்றாள். "பானி தேவ்." கையில் இருந்த சாவியை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எதற்கும் பூட்டு திறக்கவில்லை. நாலாவது சாவி அவளிடம் இல்லை. திரும்பி வந்து என் புடவையைப் பிடித்து இழுத்து, "எம்மா, சொல்லேன்" என்றாள். நாத்தனார் என்னைப் பார்த்துத் தலையை இடம் வலமாக ஆட்டினார்.

அழுது ஓய்ந்து, விக்கல் எடுத்த பிறகு, நாத்தனாரின் வாயைப் பார்த்து "வாட்ட" என்றாள். உடனே டம்ளர் இறங்கியது. "குட் கேர்ள்" என்று கன்னத்தில் முத்தமும் கிடைத்தது. "பாத்தியா, ஒரே நாள்ல" என்றார் நாத்தனார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அதைப் படித்துப் பட்டம் வாங்குகிற வழி ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். வாய் ஓயாத பெண், மூலையில் உட்கார்ந்து தன் கால் விரலைத் தானே பிடித்துக்கொண்டிருப்பாள். இரவில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். அந்தப் பழக்கம் விட்டுப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் பயந்துபோய்ச் சொன்னபோது நாத்தனார் சந்தோஷப்பட்டார். "இது சைலன்ட் ஸ்டேஜ். புது லாங்குவேஜ் உள்ள போறப்ப அப்படித்தான் இருக்கும். சரியாப் போயிட்டு இருக்கு." பேசினால் தியரி ஜெயித்தது. பேசாவிட்டாலும் தியரி ஜெயித்தது. என் பெண் மட்டும்தான் தோற்றுக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. குளிப்பாட்டும்போது கதவைத் தாழ் போட்டுக்கொள்வேன். குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தில் அவள் காதோடு பேசுவேன். என் தங்கமே, என் ராசாத்தி, அம்மா இருக்கேண்டி, இன்னாடி சாப்ட்ட, காலு வலிக்குதா. முதல் நாள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். அப்புறம் சோப்பு நுரையோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு நாள் பேச்சு முழுவதையும் அங்கேயே கொட்டினாள். அப்படிப் பேசினாள் என்றால் அப்படிப் பேசினாள். அந்தக் குளியலறை ஒருவர் நின்றால் இன்னொருவர் நிற்க முடியாத அளவு. அந்த வருடத்தில் நான் உயிரோடு இருந்த இடம் அது ஒன்றுதான்.

காட்டிக்கொடுத்தது அவள்தான். நாத்தனார் ஒரு பிஸ்கட்டைக் காட்டி, "டிட் மம்மி டாக் டு யூ?" என்று கேட்டார். என் பெண் பிஸ்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எஸ்" என்றாள். எங்கே என்று கேட்டதற்குக் கையால் குளியலறையைக் காட்டினாள். பிஸ்கட் கிடைத்தது. சரியான பதிலுக்குப் பரிசு. அதற்குப் பிறகு தினமும் கேட்டார், தினமும் கொடுத்தார். குளிப்பாட்டும் வேலை கணவரிடம் போனது. நான் சமைத்தேன், துவைத்தேன், தலை வாரிவிட்டேன், வாயைத் திறக்கவில்லை. ஊமைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்றால் ஊமையிடம் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த வருடம் அதே கான்வென்ட், அதே சிஸ்டர். இந்த முறை என் பெண் ஆப்பிள் என்றாள், கௌ என்றாள், டாக் என்றாள். ஏ ஃபார் என்று ஆரம்பித்து இசட் வரை ஒப்பித்தாள். சிஸ்டர் முகம் மலர்ந்தது. வீட்டில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டார். அத்தையைக் காட்டி "ஆன்ட்டி" என்றாள். மம்மி என்ன சொல்லிக்கொடுப்பார் என்று கேட்டார். என் பெண் சாதாரணமாக, வானம் நீலம் என்று சொல்கிற மாதிரி, "மம்மி நோ டாக்கிங். மம்மி கான்ட் டாக்" என்றாள்.

சிஸ்டர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார்.

"ஆமா சிஸ்டர். அவளுக்குப் பேச்சு வராது. காது மட்டும் கேக்கும்."

கணவரின் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. சிஸ்டர் கண் கலங்கிவிட்டார். "இப்படிப்பட்ட வீட்டிலிருந்து இவ்வளவு நன்றாகப் பேசுகிற குழந்தையா" என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைப் பார்த்து, உதட்டை நன்றாக அசைத்து, கையால் படம் வரைந்து, குழந்தைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தெரிவித்தார். அந்த நொடியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாத்தனார் பொய்க்காரி, கணவர் பொய்க்காரர், பெண்ணுக்குச் சீட்டு இல்லை. நான் சிஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் வெடித்தேன். "சீட்டு வர்ற வரைக்கும்னு சொன்னீங்க இல்ல, வந்துடுச்சு இல்ல, இனிமே நான் பேசுவேன்." நாத்தனார் பொறுமையாக விளக்கினார். பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாத ஸ்டேஜ் இது. மம்மி பேசினாள் என்று வகுப்பில் போய்ச் சொன்னால் சீட்டே போகும். இன்னும் கொஞ்ச நாள். ஸ்கூல் பக்கம் மட்டுமாவது எப்போதும் பேசவே பேசாதே.

அப்படி நான் ஊமையானேன். கேட்டில் மற்ற அம்மாக்கள் பரிதாபமாகப் புன்னகைப்பார்கள். பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்பது படித்தவர்களின் நம்பிக்கை. அதனால் என் முன்னாலேயே மாமியார் கதை, புருஷன் கதை, என் கதை எல்லாம் பேசுவார்கள். "பாவம், எப்படித்தான் கட்டிக்கிட்டாரோ" என்று ஒருத்தி சொல்ல, "சத்தம் போடாத பொண்டாட்டி எந்த ஆம்பளைக்குக் கெடைப்பா" என்று இன்னொருத்தி சிரித்தாள். ஒரு நாள் சிவாஜிநகரில் துணிக்கடையில் பேரத்தின் உச்சியில் இருந்தேன். "மனசாட்சியே இல்லையா உனக்கு, இதுல பாதி கூடப் பெறாது" என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாக்களில் ஒருத்தி கடைக்குள் நுழைந்தாள். டக்கென்று வாயை மூடி, கையை ஆட்டத் தொடங்கினேன். என் வாயைப் பல வருடமாகத் தெரிந்த கடைக்காரர் எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று பயந்து சோடா வாங்க ஆள் அனுப்பினார். சிரிக்கிற கதைதான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

பெண் ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகு ஒரு சாயங்காலம், யாரையும் கேட்காமல், நானே பேசிவிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, "இன்னா கண்ணு, இன்னிக்கு ஸ்கூல்ல இன்னா பண்ணீங்க?" என்றேன். அவள் என் வாயையே பார்த்தாள். சின்னக் கையை எடுத்து என் உதட்டின் மேல் வைத்து மூடினாள். "நோ, மம்மி" என்றாள். கோபமாக இல்லை. ஒழுங்குபடுத்துகிற மாதிரி.

அதற்குப் பிறகு நான் தமிழில் பேசுவேன், அவள் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொல்வாள், போய்விடுவாள். எல்லாம் புரியும் அவளுக்கு. புரியாத மாதிரி என்னைச் சுற்றிக்கொண்டு போவாள். அப்பாவோடு மணிக்கணக்காகப் பேசுவாள். நாத்தனாரோடு சிரித்துச் சிரித்துப் பேசுவாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் வீட்டில் வயிறு மட்டும் என் பொறுப்பு.

அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நாத்தனார் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "இப்ப எல்லாம் மாறிடுச்சும்மா. மதர் டங்க்தான் ஃபவுண்டேஷனாம். சின்னதுல நாலு லாங்குவேஜ் கலந்து கேட்டா மூளைக்கு ரொம்ப நல்லதாம். நீ இனிமே அவகிட்ட தமிழ்லயே பேசு."

கரண்டி என் கையில் இருந்தது. எறியவில்லை, அது என் பெரிய மனசு. "அப்ப அன்னைக்குச் சொன்னது?" என்றேன்.

"அன்னைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். தியரின்னா மாறிட்டேதான் இருக்கும்."

"தியரி மாறும் அண்ணி. வளந்த புள்ளையைத் திருப்பி வயித்துல போட்டு எடுக்க முடியுமா? படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க. என் பொண்ணு எங்கிட்ட பேசறதில்ல. அதுக்கு உங்க புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல மருந்து போட்டிருக்கான், எடுத்துக் காட்டுங்க பாக்கலாம்."

நாத்தனார் காபியைக் குடித்து முடித்தார். "ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகறே" என்றார். கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஒன்பதாம் வகுப்பில் அவளுடைய பிறந்த நாளுக்குத் தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். காலையில் அவளாகவே சமையலறைக்கு வந்து நின்றாள். அவள் அப்படி வருவதே கிடையாது என்பதால் என் மனசு குளிர்ந்துபோனது. "மம்மி, நீ பேசாதே, சரியா? உனக்குப் பேச்சு வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். எல்.கே.ஜி.யிலேர்ந்து தெரியும். இப்போ பேசினா நான் பொய் சொன்ன மாதிரி ஆகிடும்" என்று இங்கிலீஷில் சொன்னாள். பிறகு, நிதானமாக, "நீ பேசினால் நான் உன்னோடு பேசமாட்டேன்" என்றாள். சரியான பதிலுக்குப் பரிசு, தப்பான பதிலுக்கு ஒன்றும் கிடையாது. நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

நான் தலையை ஆட்டினேன். பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். சத்தியமாக.

தோழிகள் வந்தார்கள். குழிப்பணியாரம் சுட்டுச் சுட்டுத் தட்டில் போட்டேன். அவர்கள் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதில் ஒரு பெண் புதிது. கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காக வந்த குடும்பம். அவளுக்கு மட்டும் என் கதை தெரியாது போலிருக்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்கே வந்துவிட்டாள்.

"எங்க அம்மா சுடற மாதிரியே இருக்குங் ஆன்ட்டி. இன்னும் ரெண்டு கெடைக்குமுங்களா?"

எத்தனை வருடம். என் வீட்டில், என் பெண்ணின் வயதில் ஒரு பெண், என் முகத்தைப் பார்த்து, தமிழில் பசி என்கிறாள். "ரெண்டு இன்னாம்மா ரெண்டு, வயிறு நெறைய சாப்புடு. சூடா இருக்கு, ஊதிச் சாப்புடு கண்ணு" என்றேன். வாய் என்னைக் கேட்காமல் பேசியது. கேட்டிருந்தாலும் நான் தடுத்திருக்கமாட்டேன். உன் ஊர் எது, அம்மா என்ன செய்றாங்க, கூடப் பிறந்தவங்க எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவளும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். அங்கே ஹாலில் சத்தம் நின்றுவிட்டது. ஒருத்தி, "ஹே, யுவர் மாம் டாக்ஸ்" என்றாள். என் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது இரண்டும் சிவந்திருந்தன. நான் நிறுத்தவில்லை.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. வேண்டியதைக் கையால் காட்டுவாள். யூனிஃபார்ம் என்றால் தோளைத் தொட்டுக் காட்டுவாள். பசி என்றால் வயிற்றைத் தட்டுவாள். நான் திட்டினேன், கெஞ்சினேன், அவள் அறைக் கதவின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். கேட்காத மாதிரி இருந்தாள். கணவர் இரண்டு முறை அவளை அதட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நாத்தனாரைக் கேட்டேன். வேறு யாரைக் கேட்பது. "இது அடலசென்ஸ்மா. அந்த வயசோட ஸ்டேஜ். தானாப் போயிடும்" என்றார்.

பத்தாவது முடிந்தது. பி.யு.சி. முடிந்தது. ஸ்டேஜ் போகவில்லை. சென்னையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது, ஹாஸ்டல். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஏற்றிவிட மூன்று பேரும் போனோம். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அத்தையைக் கட்டிக்கொண்டாள். உள்ளே போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபின், கம்பி வழியாக என்னைப் பார்த்தாள். "டைமுக்குச் சாப்பிடு கண்ணு. போனைப் போட்டு ஒரு குரல் குடு, உன் குரலைக் கேட்டா போதும்" என்று சொல்ல நினைத்தேன். கையை மட்டும் வாய் பக்கம் கொண்டுபோய்ச் சாப்பிடு என்று காட்டினேன். அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவள் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல் அவளிடம் விசாரித்தாள்.

"அம்மாவாம்மா? பாவம், வாய் பேச வராதா? பொறவியிலேயே இப்படித்தானா?"

என் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மாளுக்குப் பதில் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள்.

"இல்ல பாட்டி. எனக்கு மூணு வயசு இருக்கிறப்ப நின்னுபோச்சு. நான் எவ்வளவோ கூப்ட்டுப் பாத்தேன்."